குழந்தையின் எடையும் தாயின் ரத்தக் குழாயும்

(சென்னீர்குப்பத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏழாம் மாத ஸ்கேனில் "குழந்தைக்கு எடை பத்தவில்லை" என்று சொல்லிவிட்டால் நம் வீடுகளில் எல்லோருடைய கண்ணும் கர்ப்பிணியின் தட்டின்மேல் விழுகிறது. பேரீச்சம்பழம் வருகிறது, முட்டை வருகிறது, சத்துமாவுக் கஞ்சி வருகிறது. கூடவே, "ரெண்டு உசுருக்குச் சாப்பிட வேண்டியவ, கொறிச்சுட்டு எந்திரிச்சுடுறா" என்ற பேச்சும் அவள் காதில் விழும்படியே வருகிறது. குழந்தை சிறுத்துப் போனதற்குத் தாயின் வாய்தான் காரணம் என்ற தீர்ப்பு, டாக்டர் அடுத்த வார்த்தை சொல்வதற்குள்ளேயே எழுதப்பட்டு விடுகிறது. இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது, தாய்க்கு அநீதியானது, குழந்தைக்கு ஆபத்தானதும்கூட என்பதுதான் இன்று என் வாதம். செம்பரம்பாக்கம் ஏரி ததும்பி நின்றாலும் மதகு திறக்காவிட்டால் கீழ்வயலுக்குத் தண்ணீர் போகாது. தாயின் உடம்பில் சத்து இருப்பது வேறு, அது குழந்தையைச் சென்று சேர்வது வேறு. சேர்க்கும் பாதையைத் திறப்பவை, நஞ்சுக்கொடிக்கும் தாயின் ரத்தக் குழாய்களுக்கும் இடையே ஓடும் சில மூலக்கூறுகள். அந்தச் செய்திப் போக்குவரத்து கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே சீராகவோ கோளாறாகவோ அமைந்துவிடுகிறது. ஏழாம் மாதத்தில் நாம் ஸ்கேனில் பார்ப்பது அதன் விளைவைத்தான்.

பாதை எப்படி அமைகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். கர்ப்பம் இல்லாத காலத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லி ரத்தம் போகிறது. நிறைமாதத்தில் அது 500 முதல் 750 மில்லி வரை உயர்கிறது. கருப்பையின் உட்சுவரில் சுருள் சுருளாக ஓடும் நுண்ணிய தமனிகள் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். அவை இயல்பில் குறுகலானவை, தசைச் சுவர் கொண்டவை, தாயின் உடம்பு பயத்திலோ குளிரிலோ இறுகும்போது தாமும் இறுகிக் கொள்பவை. கருவுற்றபின் நஞ்சுக்கொடியின் செல்கள் இந்தத் தமனிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசையைக் கலைத்து, அவற்றை வாயகன்ற, இறுகத் தெரியாத குழாய்களாக மாற்றுகின்றன. ஏறக்குறைய 20 வாரத்துக்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். ரத்தத்தின் அளவு கூடுவது மட்டுமே இதன் பயன் அன்று. வாய் அகலும்போது ரத்தத்தின் வேகம் அடங்குகிறது. அகலாத தமனியிலிருந்து ரத்தம் பீய்ச்சிக்கொண்டு பாய்ந்து, நஞ்சுக்கொடியின் மெல்லிய விரல் போன்ற இழைகளையே சிதைத்துவிடுகிறது. இந்த மாற்றம் அரைகுறையாக நின்றுபோன கர்ப்பங்களில்தான் கர்ப்பகால ரத்தக்கொதிப்பும் குழந்தை வளர்ச்சிக் குறைவும் அதிகம் காணப்படுகின்றன. ஈவோ பிரோசென்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆகியோர் 1967 தொடங்கிக் கருப்பைத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து இதை வெளிக்கொண்டு வந்தார்கள். ஆனால் அவர்கள் கண்டது சிதைவைத்தான். ஏன் சிதைந்தது, எந்தச் செய்தி யாருக்குப் போகாமல் நின்றது என்பது அப்போது தெரியவில்லை.

அந்தச் செய்தியின் மொழி பின்னால் ஒவ்வொரு சொல்லாகப் பிடிபட்டது. விஇஜிஎஃப் என்ற புரதத்தை 1989-இல் நப்போலியோனே ஃபெராரா பிரித்தெடுத்து அடையாளம் காட்டினார். புதிய ரத்தக் குழாய்களை முளைக்கச் செய்வதும், இருக்கும் குழாய்களின் உட்சுவரை நலமாக வைத்திருப்பதும் அதன் வேலை. 1991-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நஞ்சுக்கொடியிலேயே அதன் உடன்பிறப்பு போன்ற இன்னொரு புரதத்தைக் கண்டார்கள். அது பிஎல்ஜிஎஃப், அதாவது நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணி. இவை ரத்தக் குழாயின் உட்சுவரில் உள்ள ஏற்பிகளில் வந்து பொருந்தும்போது அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது, குழாய் விரிகிறது. இந்தச் சின்ன வாயு மூலக்கூறின் பங்கைக் கண்டறிந்ததற்காகத்தான் 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இயல்பான கர்ப்பத்தில் தாயின் ரத்தத்தின் மொத்த அளவு 40 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. அப்படியிருந்தும் நடு மாதங்களில் அவளுடைய ரத்த அழுத்தம் சற்று இறங்குகிறது. கூடுதல் ரத்தத்துக்கு உடம்பு முழுவதும் குழாய்கள் இடம் விட்டுத் தளர்ந்திருக்கின்றன என்பதன் அடையாளம் அது. நர்ஸ் அம்மா கையில் பட்டை கட்டிப் பார்க்கும் அந்த இரண்டு எண்கள், நஞ்சுக்கொடி அனுப்பும் செய்தி தாயின் உடம்பில் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதற்கு நம்மிடம் உள்ள மிக மலிவான சாட்சி.

கோளாறு எங்கே நேர்கிறது என்பதைக் கண்டுபிடித்த ஆய்வுக்குழுவை நடத்தியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து வெளியேறிய அனந்த் கருமாஞ்சி. சிறுநீரக மருத்துவராகப் பாஸ்டனில் பணியாற்றியபோது, அவரும் ஷரன் மேனார்டும் மற்றவர்களும் பிரி-எக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோய் கண்ட பெண்களின் நஞ்சுக்கொடியை ஆராய்ந்தார்கள். எஸ்ஃப்ளிட்-1 என்ற புரதம் அதில் மிகையாகச் சுரப்பதை 2003-இல் வெளியிட்டார்கள். அந்தப் புரதம் விஇஜிஎஃப் வந்து பொருந்தும் ஏற்பியின், குழாய்ச் சுவரில் பதியாத குறுகிய வடிவம். ரத்தத்தில் மிதந்துகொண்டே விஇஜிஎஃபையும் பிஎல்ஜிஎஃபையும் வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. செய்தி அனுப்பப்படுகிறது, ஆனால் குழாய்ச் சுவருக்குப் போய்ச் சேருவதில்லை. கருவுற்ற எலிகளின் உடம்பில் இந்தப் புரதத்தை மிகையாக உண்டாக்கியபோது அவற்றுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் இறங்கியது, சிறுநீரகத்தில் அதே நோயின் அடையாளம் தோன்றியது. இது வெறும் எலிக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. புற்றுநோய்க் கட்டிக்கு ரத்தம் போகாமல் தடுக்க விஇஜிஎஃபை முடக்கும் மருந்து கொடுக்கிறார்களே, அந்த நோயாளிகளில் பலருக்கும் ரத்தக்கொதிப்பும் சிறுநீரில் புரதமும் வருகின்றன. அவர்களில் கர்ப்பமே இல்லாதவர்களும் ஆண்களும் உண்டு. நஞ்சுக்கொடியே இல்லாத உடம்பில், ஒரே ஒரு செய்தியை நிறுத்தியதும் அதே கோளாறு வருகிறது என்றால் காரணம் எங்கே என்று யாருக்கும் விளங்கும்.

இதெல்லாம் தாயின் நோயைப் பற்றியது, குழந்தையின் எடைக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2004-இல் ரிச்சர்ட் லெவினும் கருமாஞ்சியும் சேமித்து வைக்கப்பட்ட ரத்த மாதிரிகளைப் பின்னோக்கிச் சோதித்தார்கள். நோய் வெளிப்படுவதற்கு ஏறக்குறைய ஐந்து வாரம் முன்பே எஸ்ஃப்ளிட்-1 ஏறத் தொடங்கியிருந்தது. பிஎல்ஜிஎஃப் அதற்கும் வெகு முன்னதாக, 13 முதல் 16 வாரங்களிலேயே குறைந்திருந்தது. இந்த ஏற்றத்தாழ்வு எந்தத் தாய்மாரிடம் மிக அதிகமாக இருந்தது தெரியுமா? குழந்தையும் சிறுத்துப் பிறந்தவர்களிடம். எதிர்ப்பக்கத்திலிருந்தும் சான்று இருக்கிறது. லண்டனில் ஆனா டேவிட் குழுவினர், வளர்ச்சி குன்றிய குட்டியைச் சுமக்கும் செம்மறியாட்டின் கருப்பைத் தமனிக்கு விஇஜிஎஃப் மரபணுவைக் கொண்டு சேர்த்தார்கள். குட்டியின் வளர்ச்சி மேம்பட்டது. தீவனத்தை மாற்றி வந்த வளர்ச்சியாக இருந்தால் நாம் இங்கே இதைப் பேச வேண்டியதில்லை. மனிதர்களிடையே இயற்கையே நடத்திக் காட்டும் ஒரு சோதனையும் உண்டு. மலையில் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் பிறப்பு எடை ஏறத்தாழ 100 கிராம் குறைகிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழும் திபெத்தியர்களிடமும் ஆண்டிஸ் மலைமக்களிடமும் இந்த இழப்பு சிறிது. அந்த ஆண்டிஸ் பெண்களின் கருப்பைத் தமனியில் ஓடும் ரத்தம், அதே ஊரில் குடியேறிய வேற்றூர்ப் பெண்களைவிட அதிகம் என்று லோர்னா மூர் பல ஆண்டு அளந்து காட்டியிருக்கிறார். ஒரே மலை, ஒரே சந்தை, ஒரே காற்று. வித்தியாசம் ரத்தக் குழாயில்தான்.

இந்த இடத்தில், உணவுக்கு இடமே இல்லையா என்ற கேள்வி எழும். எழ வேண்டிய கேள்விதான், நம் மாநிலத்தில் அதைக் கேட்பதற்கு முழு உரிமையும் உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று வந்தது. ஏரியே வறண்டால் மதகைப் பற்றிப் பேசிப் பயனில்லை. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் உணவை மறித்ததால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது, கடைசி மூன்று மாதம் பட்டினியில் மாட்டிக்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் சுமார் 300 கிராம் குறைவாகப் பிறந்தார்கள். ஆனால் அதே பஞ்சத்தில், முதல் மூன்று மாதம் பட்டினி கிடந்து அதன்பின் உணவு கிடைத்த தாய்மாரின் குழந்தைகள் எடையில் குறையவில்லை. அவர்களுடைய நஞ்சுக்கொடிதான் பெரிதாக வளர்ந்திருந்தது. பாதை தன்னை அகலப்படுத்திக்கொண்டு குறையை ஈடுகட்டியிருக்கிறது. 1997-இல் வெளியான காம்பியா நாட்டு ஆய்வில், கடும் உழைப்பும் பசியும் சேர்ந்த பருவத்தில் கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் உணவு கொடுத்தபோது பிறப்பு எடை 200 கிராம் அளவுக்குக் கூடியது, மற்றப் பருவத்தில் அதில் பாதிகூட இல்லை. உண்மையான பசிக்கு உணவு மருந்து என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பசி தீர்ந்த பிறகும் எடை ஏறாத குழந்தைக்கு என்ன செய்வது என்பதே கேள்வி.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது, அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது எனக்கு வருத்தம். மும்பையின் குடிசைப் பகுதிகளில், இன்னும் கருவுறாத பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்த்த தின்பண்டத்தை நாள்தோறும் கொடுத்து வந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2014-இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பிறப்பு எடையில் உறுதியான ஏற்றம் இல்லை. ஆனால் கருவுறுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பிருந்தே சாப்பிட்டு வந்தவர்களைத் தனியே பார்த்தபோது சுமார் 48 கிராம் கூடியிருந்தது. மிக ஒல்லியாக இருந்த தாய்மாரிடம் அந்தப் பயன் தெரியவில்லை. நல்ல உணவு பயன் தந்திருக்கிறது, ஆனால் அது நஞ்சுக்கொடி வேர்விடும் காலத்துக்கு முன்பே வந்து சேர்ந்தவர்களுக்கு. ஏழாம் மாதத்தில் கொட்டிக் கொடுக்கும் சத்துமாவு, அமைந்துவிட்ட குறுகலான பாதையைத் திருத்தி அமைப்பதில்லை. அதைச் சாப்பிட்டும் குழந்தை எடை ஏறவில்லை என்று ஒரு பெண்ணைக் கடிந்துகொள்வது, அவள் செய்யாத தவறுக்குத் தண்டனை.

இன்னொரு தரப்பார், நம் பெண்கள் சிறிய உடம்புக்காரர்கள், சிறிய குழந்தை பிறப்பது இயல்புதானே, இதில் நோயைத் தேடுவானேன் என்பார்கள். இதிலும் உண்மை உண்டு. 1938-இல் வால்டனும் ஹாமண்டும் பெரிய ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லாண்டு குதிரையையும் இரு முறையாகக் கலந்து பார்த்தார்கள். தாய் பெரிதானால் குட்டி பெரிது, தாய் சிறிதானால் குட்டி சிறிது, தந்தை எதுவானாலும் சரி. ஆகவே சிறிய தாய்க்குச் சிறிய, நலமான குழந்தை பிறக்கலாம், பிறக்கிறது. அதற்காக எல்லா எடைக் குறைவையும் இயல்பென்று விட்டுவிட முடியுமா? பல நாடுகளில் நலமான, வசதியான தாய்மாரை மட்டும் தேர்ந்து கருவின் வளர்ச்சியை அளந்த இன்டர்குரோத் ஆய்வு 2014-இல் வெளியானது. அதில் நாக்பூரும் ஓர் ஊர். அங்கேயும் கருவின் எலும்பு வளர்ச்சியும் பிறந்த குழந்தையின் நீளமும் மற்ற நாடுகளை ஒட்டியே இருந்தன. சிறிதாக இருப்பதற்கும் வளர முடியாமல் நிற்பதற்கும் உள்ள வேற்றுமையைத் தராசு காட்டாது. டாப்ளர் ஸ்கேன் காட்டும். தொப்புள்கொடித் தமனியில் இதயத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்திலும் ரத்தம் முன்னே ஓடிக்கொண்டிருந்தால் பாதை திறந்திருக்கிறது. அந்த இடைவேளையில் ஓட்டம் நின்றுபோனாலோ பின்னோக்கித் திரும்பினாலோ நஞ்சுக்கொடி மூடிக்கொண்டு வருகிறது. 2,300 கிராம் இருக்கும் இரண்டு குழந்தைகளில் ஒன்று நலம், ஒன்று ஆபத்தில். இரண்டின் தாய்மாருக்கும் ஒரே அறிவுரையாகப் பேரீச்சம்பழம் சொல்லி அனுப்பினால், இரண்டாவது குழந்தையை நாம் கைவிட்டவர்களாகிறோம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சான்றுக்கு வருகிறேன். இங்கிருந்து சிறிது தொலைவில் போரூரில் இருக்கும் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில், கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, காற்றின் நுண்துகளுக்கும் பிறப்பு எடைக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 1,285 பேரிடம் அளந்து 2018-இல் வெளியிட்டது. காற்றில் பிஎம் 2.5 துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைவதும், எடை குறைந்த பிறப்புகள் 2 விழுக்காடு கூடுவதும் தெரிந்தன. ஒரு குழந்தைக்கு 4 கிராம் பெரிதல்லதான். ஆனால் பெங்களூர் நெடுஞ்சாலை லாரிப் புகையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் சூழ்ந்த இந்தப் புறநகரில், ஊர் மொத்தமும் ஒரே காற்றைச் சுவாசிக்கும்போது அந்தச் சிறு எண் ஒவ்வொரு கர்ப்பத்தின்மீதும் விழுகிறது. நுண்துகள் ரத்தக் குழாயின் உட்சுவரை அழற்சிக்குள்ளாக்குகிறது, நைட்ரிக் ஆக்சைடு சுரப்பைக் கெடுக்கிறது. அதே நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, வேலைக்குப் போகும் 800 கர்ப்பிணிகளை ஆராய்ந்து, கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கரு இழப்பின் அபாயம் இரு மடங்கு என்று காட்டியிருக்கிறது. காற்றும் வெயிலும் யாருடைய தட்டிலும் இல்லை.

இதற்கு மாறான ஒரு முடிவையும் நான் மறைக்கக் கூடாது, ஏனெனில் அதுவும் நம் மண்ணில் கிடைத்த முடிவு. விறகடுப்புக்குப் பதில் எரிவாயு அடுப்பைக் கொடுத்தால் குழந்தையின் எடை கூடுமா என்று தமிழ்நாடு, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களில் 3,200 கர்ப்பிணிகளிடம் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. தாய் சுவாசித்த நுண்துகள் விறகடுப்பில் சமைத்தவர்களிடம் ஏறத்தாழ 71 மைக்ரோகிராம், எரிவாயு அடுப்பு பெற்றவர்களிடம் 24. எடை வித்தியாசமோ 20 கிராம் அளவுதான், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாதது. அப்படியானால் புகைக்கும் எடைக்கும் தொடர்பில்லை என்று முடிவு கட்டலாமா? அந்தத் தாய்மார் ஆய்வில் சேர்க்கப்பட்டது 9 முதல் 20 வாரம் வரையான கர்ப்பத்தில். அடுப்பு வந்து சேர்ந்தபோது பலருக்குச் சுருள் தமனிகளின் மாற்றம் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். இந்த விளக்கம்தான் சரி என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வு மட்டும் போதாது. ஆனால் மும்பையில் உணவு தாமதித்து வந்ததும், இங்கே சுத்தமான காற்று தாமதித்து வந்ததும் ஒரே மாதிரி பயனிழந்தன என்பதைப் பார்க்கும்போது, காலத்தைப் பற்றிய என் வாதம் வலுப்படுகிறதே தவிர தளரவில்லை.

செய்தி மூலக்கூறு எது என்று தெரிந்துவிட்டதல்லவா, அதை மாத்திரையாகக் கொடுத்து முடித்துவிடலாமே என்றும் கேட்பார்கள். கொடுத்துப் பார்த்தார்கள். நைட்ரிக் ஆக்சைடின் வேலையை நீடிக்கச் செய்யும் சில்டெனாஃபில் என்ற மருந்தை, கடுமையாக வளர்ச்சி குன்றிய கருவைச் சுமந்த தாய்மாருக்குக் கொடுத்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்தன. பிரிட்டனில் பயன் இல்லை. நெதர்லாந்தில், பிறந்த குழந்தைகள் நுரையீரல் ரத்த அழுத்தக் கோளாறால் இறப்பது கண்டு 2018 ஜூலையில் ஆய்வையே நிறுத்தினார்கள். இந்தத் துயரத்தை நான் என் வாதத்துக்கு எதிரான சான்றாகப் பார்க்கவில்லை, எச்சரிக்கையாகப் பார்க்கிறேன். தசை கலையாத, நிலைத்துவிட்ட தமனியை எட்டாம் மாதத்தில் வலிந்து விரிக்க முடியாது. ரத்தக் குழாயின் செய்தி உடம்பு முழுவதற்கும் பொது என்பதால், கருப்பைக்குக் கொடுத்தது குழந்தையின் நுரையீரலையும் தொட்டுவிடுகிறது. எனவே மருந்துக் கடையில் "ரத்த ஓட்டத்துக்கு" என்று சொல்லி யார் எதைக் கொடுத்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாயில் போட வேண்டாம். புகைப்பவர்களுக்குப் பிரி-எக்லாம்ப்சியா குறைவு என்று ஒரு புள்ளிவிவரமும் உலவுகிறது. அது உண்மைதான். அவர்களுடைய குழந்தைகள் சிறுத்துப் பிறப்பதும் உண்மை. ஒரு கண்ணியைச் சீர்செய்வதுபோல் காட்டி மற்றதை எல்லாம் நாசம் செய்யும் பொருளில் யாரும் மருந்தைத் தேடக் கூடாது.

காலத்தே செய்தால் பயன் தருவது எது? 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், அபாயம் உள்ளவர்கள் என்று 11 முதல் 14 வாரத்துக்குள் கண்டறியப்பட்ட பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிவரும் பிரி-எக்லாம்ப்சியா 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 ஆக இறங்கியது. விலை குறைந்த, மிகப் பழைய மாத்திரை. தாமதமாகத் தொடங்கினால் பயன் தேய்ந்துவிடுகிறது, 16 வாரத்துக்கு முன் தொடங்குவதுதான் முக்கியம். முந்தைய பிரசவத்தில் ரத்தக்கொதிப்போ ஜன்னியோ வந்தவர்கள், ஏற்கெனவே பி.பி., சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோர் முதல் பரிசோதனையிலேயே இதை டாக்டரிடம் எடுத்துச் சொல்லி, எனக்கு ஆஸ்பிரின் வேண்டுமா என்று கேட்க வேண்டும். கால்சியமும் அப்படித்தான். பெங்களூரில் தலைப்பிரசவக்காரர்கள் 11,000 பேரிடம் நடந்து 2024-இல் வெளிவந்த ஆய்வு, நாளுக்கு 1,500 மில்லிகிராம் கொடுத்தாலும் 500 கொடுத்தாலும் பிரி-எக்லாம்ப்சியாவைத் தடுப்பதில் குறைந்த அளவு சளைத்ததல்ல என்று காட்டியது. மாத்திரை எண்ணிக்கை குறைந்தால் நம் பெண்கள் தொடர்ந்து சாப்பிடுவதும் எளிதாகும். 12 வாரத்துக்குள் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள் என்று கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக வந்து சொல்வதை, உதவித்தொகைக்கான சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம் தேவையானதுதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு வாரக் கெடு, சுருள் தமனிகள் நமக்குத் தரும் கெடுவும்கூட. "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்" என்ற வழக்கத்தை உறவினரிடம் வைத்துக்கொள்ளுங்கள், செவிலியரிடம் வேண்டாம்.

கருமாஞ்சியின் ஆய்விலிருந்து பிறந்த ரத்தப் பரிசோதனையும் இன்று இருக்கிறது. எஸ்ஃப்ளிட்-1 அளவைப் பிஎல்ஜிஎஃப் அளவால் வகுத்து வரும் எண் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்தில் பிரி-எக்லாம்ப்சியா வராது என்று 99 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்ல முடியும் என 2016-இல் காட்டினார்கள். அமெரிக்க அரசு 2023 மே மாதத்தில் இத்தகைய பரிசோதனைக்கு அனுமதி அளித்தது. இது செலவு மிகுந்தது, நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இதெல்லாம் எட்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை. பி.பி. ஏறி, சந்தேகத்தில் நிற்கும் தாய்க்கு மட்டும் எடுத்தால் போதும். அவளை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிப் படுக்கையில் சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்பி மறுவாரம் பார்ப்பதா என்று தீர்மானிக்க அது உதவும். வீணான சேர்க்கை குறைவதாலும், தவறவிட்ட ஜன்னி குறைவதாலும் மிச்சமாவதைச் செலவோடு வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சென்னையில் படித்த ஒருவரின் உழைப்பில் விளைந்த அறிவு, சென்னையின் தனியார் பரிசோதனைக் கூடத்தில் பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் கிடைத்து, பூந்தமல்லி ஒன்றியத்தில் வரிசையில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைக்காமல் போவதை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. அந்தப் பரிசோதனை வந்து சேரும்வரை பி.பி. பட்டை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எண்ணை அட்டையில் எழுதச் சொல்லுங்கள், முதல் மாத எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 140/90-ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் தோன்றினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். எடை குறைவு என்று ஸ்கேன் சொன்னால், என்ன சாப்பிடுகிறாள் என்று மருமகளைக் கேட்பதற்கு முன்னால், தொப்புள்கொடியில் டாப்ளர் எப்படி இருக்கிறது என்று டாக்டரைக் கேளுங்கள்.